மூத்திரத்துணி சாஸ்திரம்

வீட்டில் வாஷிங் மெஷின் இல்லாமல் பச்சைக்குழந்தையின் துணியைத் துவைப்பது எப்படி? எளிய வழி, காத்திருப்பது. 2011-இல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. சொன்னபடி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. 2021 தேர்தல் அறிக்கையில் வாஷிங் மெஷினையும் சேர்த்து அச்சடித்தது, தேர்தலில் தோற்றது. ஆக, மெஷின் இன்னும் அந்த அறிக்கைக்குள்தான் இருக்கிறது. குழந்தைக்கு இந்த அரசியல் எல்லாம் தெரியாது. அரை மணிக்கு ஒரு தரம் நனைத்துக்கொண்டிருக்கிறது.

அதனால் கல்லுக்குப் போவோம்.

என் மாமியார் வீடு காட்டுப்பள்ளியில். அங்கே தண்ணீருக்கு என்ன குறை? கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர் முகத்துவாரம். எதிலும் சோப்பு நுரைக்காது, அவ்வளவுதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்ள, திரிந்த பால்போல வெள்ளைத் திப்பி மிதந்து, அழுக்கை விட்டுவிட்டுத் துணியில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத்தூள் போட்டால் கொஞ்சம் நுரைக்கும்தான். ஆனால் அந்த நுரையைப் போக்க எங்கிருந்து தண்ணீர் கொண்டுவருவீர்கள்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பிள்ளை பிறந்த நாலாம் நாள், பெரிய கெட்டிக்காரனாக ஒரு பக்கெட் துணியைக் கால்வாயில் அலசி, உச்சிவெயிலில் கொடியில் போட்டேன். சாயங்காலம் தொட்டால் நமநமவென்று ஈரம்.

"கருவாட்டுக்கு உப்புப் போடுவோம் மாப்பிள்ளை. புள்ளைக்குமா போடுவாங்க?" என்றார் அத்தை.

துணியில் தங்கிய உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது முழுசாகக் காயாது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். மாமியார் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஈரமும் உப்பும் இடுப்பில் உரசினால் பிள்ளையின் தோல் சிவந்துவிடும்.

ஆகவே கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதற்கு ஆலையும் காட்டுப்பள்ளியிலேயே உண்டு! 2010-இல் திறந்த மீஞ்சூர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, பேர்தான் மீஞ்சூர், நிற்பது இங்கே. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் எடுக்கும் அளவுக்குக் கட்டியது. ஒரு பிள்ளையின் ஒருநாள் துணிக்கு 50 லிட்டர் என்று தாராளமாகவே வைத்தாலும், 20 லட்சம் பிள்ளைகளின் மூத்திரத்துணியை அலசிவிடலாம். குழாய் சென்னைக்குப் போகிறது. நீங்கள் குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

குடத்துத் தண்ணீரைச் செலவழிப்பதில் ஒரு வரிசை உண்டு. பீத்துணியை முதலில் உப்புத்தண்ணீரில் உதறி அலசுங்கள். அதற்கு நல்ல தண்ணீரைத் தொட்டால் வீட்டில் வசவு விழும். மூத்திரத்துணி தனி. சோப்புக்கு அரை பக்கெட் நல்ல தண்ணீர், அப்புறம் இரண்டு அலசல். இரண்டாவது அலசின தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்த துணிக்கு அது முதல் அலசல். முதல் அலசின தண்ணீர் உங்கள் லுங்கிக்கு. மீன் செதிலோடு வரும் லுங்கியைப் பிள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்த ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். இரண்டு நாள் வீட்டில் யாரும் அவனோடு பேசவில்லை. அவனுக்கு அத்தை யார் என்று கேட்காதீர்கள்.

முறுக்கிப் பிழியக்கூடாது, பிள்ளைக்கு வயிறு முறுக்கும் என்பார்கள். நம்ப வேண்டாம். ஆனால் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணி உங்கள் முறுக்கலைத் தாங்காது, ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்த பிறகு துணி வெளியில் கிடந்தால் பட்சி தோஷம் என்பதும் அப்படித்தான். பறவையை விடுங்கள், கடற்கரைப் பனி இறங்கினால் பகல் முழுக்கக் காய்ந்ததெல்லாம் வீண்.

கொடி கட்டுமுன் காற்றைப் பாருங்கள். கொண்டல் அடித்தால் பயமில்லை, கடலிலிருந்து வருகிறது. தெற்கிலிருந்து வந்தால், அந்தப் பக்கம் அனல்மின் நிலையம். கொடியை விரலால் வழித்துப் பாருங்கள். விரல் சாம்பலாக வந்தால் துணி வீட்டுக்குள், மின்விசிறிக்கு அடியில். 2011-இல் கொடுத்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

இது ஒன்றை மட்டும் விளையாட்டாகச் சொல்லவில்லை: மடித்த துணிக்கு நடுவே பாச்சை உருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு அதிலுள்ள நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள்காமாலையைக் கடுமையாக்கும். பிறந்த வாரத்தில் எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

பதினைந்தாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. தவணையிலாவது ஒரு மெஷின் வாங்கிவிடலாம் என்று அத்தையிடம் சொன்னேன்.

"வாங்குங்க மாப்பிள்ளை. அது ஒரு தடவைக்கு எத்தனை குடம் குடிக்கும்?"

"நாலஞ்சு குடம் ஆகும் அத்தை."

"யார் தூக்கியாறது?"

கொடியில் இருந்தவற்றை எண்ணினேன். பதினெட்டு. உள்ளே இருந்து பத்தொன்பதாவதற்கான அழுகை வந்தது.