லைலா என்னும் பெயரும் தூக்கமின்மையும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

எங்கள் மாடி வீட்டில் ஒரு லைலா இருக்கிறாள். வயது ஏழு மாதம். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணிவரை குரல் ஓயாது. இக்கட்டுரை முழுவதும் அந்த நான்கு மணி நேரத்தில் எழுதப்பட்டது. ஆய்வில் நடுநிலை குறைவாகத் தெரிந்தால் அதுவே காரணம்.

அரபியில் 'லைல்' என்றால் இரவு. லாம், யா, லாம் என்ற மூன்றெழுத்து வேர். 'லைலா' என்று எழுதும்போது கடைசியில் நிற்கும் எழுத்து 'யா' மாதிரியே இருக்கும்; கீழே இரண்டு புள்ளி மட்டும் இராது, வாசிப்பது 'ஆ'. கும்மிருட்டான நீண்ட இரவு என்பது அகராதிக்காரர்கள் தரும் பொருள். மாடி வீட்டைப் பொறுத்தவரை 'நீண்ட' என்பதை மெய்ப்பித்துவிட்டேன்.

பெண் குழந்தைக்கு இருட்டைப் பெயராக வைப்பார்களா? நம்மால் ஆகாது. தமிழில் 'இரவு' என்றால் கையேந்திக் கேட்பதும்தான். குறளின் 106ஆம் அதிகாரத்துக்கு அதுதான் தலைப்பு, அடுத்ததே 'இரவச்சம்'. ஆகவே வடமொழிப் பக்கமாகச் சுற்றிப்போய் யாமினி, நிஷா என்று வைத்துக்கொள்கிறோம். அரேபியப் பாலையில் பகல்தான் பகை. வெயில் தாழ்ந்த பிறகே ஒட்டகம் நடக்கும், கூடாரத்து வாசலில் பேச்சு களைகட்டும். இஸ்லாமிய நாள்கணக்குகூட மாலையில்தான் பிறக்கிறது. இரவு முந்தி, பகல் பிந்தி.

இங்கே ஒரு சிக்கல். தொல்காப்பியர் பாலைக்கு நண்பகலைக் கொடுத்தார்; யாமத்தைக் குறிஞ்சிக்குக் கொடுத்துவிட்டார். பாலையில் பிறந்தவளுக்கு யாமத்தைப் பெயராகச் சூட்டுவது அப்பட்டமான திணைமயக்கம். அதன் விளைவை அனுபவித்தவன் பனூ ஆமிர் குலத்துக் கைஸ். லைலாவை ஊரறியப் பாடினான்; பெண் தர மறுத்தார்கள்; காட்டு விலங்குகளோடு அலைந்தான். ஜின் பிடித்தவன் என்ற பொருளில் 'மஜ்னூன்' என்றார்கள். கஞ்சா நகரத்து நிஜாமி 1188இல் இக்கதையைப் பாரசீகக் காவியமாக்கியபின் அது போகாத ஊர் இல்லை. (நகரின் பெயரே அதுதான், வாசகர் வேறு ஆய்வில் இறங்க வேண்டாம்.) நம்மூர்க்காரனாக இருந்தால் மடலேறியிருப்பான், விவகாரம் ஒரே நாளில் முடிந்திருக்கும். அங்கே பனைக்கு எங்கே போவது? பேரீச்சை மட்டை தோதுப்படுமா என்பது தனி ஆய்வுக்குரியது.

தமிழுக்குள் நுழையும்போது லைலாவுக்கு வாசலிலேயே தடை. லகரம் சொல்லுக்கு முதலில் வராது. நன்னூலார் மனமிரங்கி, முன்னால் இகரமோ உகரமோ சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இலக்குவனும் உலோகமும் அப்படி வந்தவர்கள்தான். அவ்விதியை அச்சுப் பிசகாமல் பின்பற்றினால் நமக்குக் கிடைப்பவை இலைலா, உலைலா. ஒன்றில் சாப்பாடு பரிமாறலாம், மற்றதில் அரிசி போடலாம். காதலுக்கு இரண்டும் உதவா. இத்தனைக்கும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் இப்பெயரின் முதலெழுத்துக்கு யானைத் தும்பிக்கை இருந்தது. அந்த லைலாவின் கம்பீரம் இப்போதைய லைலாவுக்கு ஏது!

பெயர் அமைதியாக இருந்த இடமே இல்லை. சிவப்புத் தொப்பி அணிந்து பாட்டியைப் பார்க்கப் போய் ஓநாயிடம் மாட்டும் சிறுமியும் அரபுக் குழந்தைகளுக்கு லைலாதான்; கதைக்கே 'லைலாவும் ஓநாயும்' என்று பெயர். 2010 மே மாதம் வங்கக்கடலில் கிளம்பிய புயலுக்குப் பாகிஸ்தான் கொடுத்திருந்த பெயரும் லைலா. அது 20ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. எங்கள் மாடி லைலா இன்னும் கடக்கவில்லை.

கடைசியாகக் கள ஆய்வு. ஒரு நாள் விடியற்காலை, மாடிப்படியில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம் என் முடிவுகளை எடுத்துரைத்தேன். வேர்ச்சொல், திணைமயக்கம், தும்பிக்கை எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் பார்த்தா பேரு வச்சோம் தம்பி? இது எங்க மாமியாரு பேரு."

"அவங்களும் ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பாங்களா பாட்டிம்மா?"

"அவங்களா? எட்டு மணிக்குப் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாங்க."