ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போகாமலிருத்தல்: அரும்பாவூரை முன்வைத்து ஓர் ஆய்வு

பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டரில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையோரம் நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. அகழி, கருங்கல் மதில், அரைவட்டக் கொத்தளம் எல்லாம் உண்டு. அரும்பாவூர்க்காரர் சென்னைக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே அதைப் பார்த்து, "ஒரு நாள் வரணும்" என்கிறார். அந்த ஒரு நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் அகப்படாதது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதற்கோள்: இடம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, திட்டம் அவ்வளவு நீளும். ஒரே மரத்துண்டில் அரும்பாவூர்ச் சிற்பிகள் செதுக்கும் சாமி சிலைகள் 2020இல் புவிசார் குறியீடு பெற்றவை. கடல் தாண்டியும் போகின்றன. செதுக்கியவர் வீட்டார் பெரம்பலூரில் பஸ் மாறுவதைப் பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கள ஆய்வில் இரு பிரிவினர் தென்பட்டனர். புளிசாதம் கட்டிக்கொண்டு போவோர், ஓட்டலில் பார்த்துக்கொள்வோர். இவர்களுக்குள் சமரசம் கண்டதாகச் சான்றில்லை. மூன்றாம் பிரிவு அத்தை ஒருவரே.

"கோட்டையில அப்படி என்னதான் இருக்கு?"

"கல்லு, அத்தை."

"அது நம்ம பச்சமலையிலயே கெடக்கே!"

இந்த வாதத்துக்குத் தொல்லியல் துறையிடமும் மறுப்பு இராது.

வரலாறும் நம் பக்கமே. 1751இல், ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கான போட்டியில், முகமது அலிக்காக வந்த ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்காக வந்த பிரெஞ்சுக்காரரும் இங்கே எதிரெதிரே முகாமிட்டனர். யாரை உள்ளே விடுவது என்று கோட்டைத் தலைவருக்குத் தீர்மானம் வரவில்லை. நாட்கள் பேச்சிலேயே கழிந்தன. சண்டை மூண்டதும் ஆங்கிலேயர் கிலி பிடித்துப் பின்வாங்கினர். கவனிக்க: அந்தப் படைக்குச் சாப்பாட்டு ஏற்பாடு ராபர்ட் கிளைவின் பொறுப்பு. ஆக, புளிசாதம் இருந்தும் பயனில்லை என்று ஓட்டல் பிரிவினர் இதை மேற்கோள் காட்டலாம்.

முதற்கோளுக்கு விதிவிலக்கு, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் மாப்பிள்ளை. வந்த மறுநாளே காரை எடுத்துக்கொண்டு போய், கொத்தளத்தின் மேல் நின்று படமெடுத்து அனுப்பிவிடுகிறார். படத்தைப் பார்த்த வீட்டார், பார்த்தாகிவிட்டது என்று திட்டத்தை ஒத்திவைக்கிறார்கள்.

பள்ளிச் சுற்றுலாவை விதிவிலக்கில் சேர்க்க இயலாது. பணம் முன்கூட்டியே கட்டியாகிறது, பஸ்ஸும் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறது. ஆனால் அது போவது மாமல்லபுரத்துக்கு. கோட்டையைத் தாண்டும்போது பிள்ளைகள் தூக்கத்தில் இருக்கிறார்கள். முன் சீட்டு ஆசிரியர் மட்டும் ஓட்டுநரிடம், "ஒரு நாள் இங்கயும் கூட்டிட்டு வரணும்" என்கிறார்.