மைதா மகாத்மியம்

அணைக்கரைக்கு மேற்கே, கொள்ளிடக் கரையில் போன சனிக்கிழமை ராத்திரி அலறிய ஸ்பீக்கர் இன்னும் என் காதைவிட்டு இறங்கவில்லை. மீன் பிடிக்க வருகிறவனுக்கு ஸ்பீக்கர் எதற்கடா என்றால், "சும்மா உக்காந்திருந்தா போரடிக்கும்ல மாமா" என்கிறான். தூண்டில் போட்டவனுக்குச் சும்மா உட்காருவதைத் தவிர வேறென்ன வேலை?

1836-ல் ஆர்தர் காட்டன் கீழணையைக் கட்டினார். அங்கே தேங்குகிற தண்ணீர் வடவாற்றில் இறங்கி, வீராணம் ஏரி வழியாகச் சென்னைக் குழாய்வரை போகிறது. அப்பேர்ப்பட்ட கரையில் நம்மவர்கள் செய்கிற காரியத்தைக் கேளுங்கள். முதலில் இந்த இரை விவகாரம்.

மண்புழு தோண்டினால் கை அழுக்காகிவிடுமாம். ஆகவே மைதா. வெறும் மைதாவில் வாசம் இருக்காது, பெருங்காயம் போடு என்றது பெரம்பலூர் கோஷ்டி. வெல்லம்தான் என்றது அரியலூர். புண்ணாக்கு சேர்த்தால் உருண்டை கரையாது என்றார் ஒரு சித்தப்பா. கரைந்தால்தானே மீன் கூடும் என்றார் இன்னொரு சித்தப்பா. இருவரும் சகலைகள், பேச்சு மைதாவோடு நிற்குமா? மாமனார் வீட்டுச் சீர்வரை போய்த் திரும்பியது. நடுவில் ஒருவன் யூடியூப் பார்த்து ஏலக்காய் என்றான். முட்டை உடைத்து ஊற்றினார்கள். மஞ்சள் தூவினார்கள். யாரோ உப்புப் பார்த்தார்கள்! இன்னும் அரைமணி விட்டிருந்தால் பரோட்டா தட்டியிருப்பார்கள், எனக்காவது பசி தீர்ந்திருக்கும். இவ்வளவும் யாருக்கு? ஜிலேபிக் கெண்டைக்கு. 1952-ல் இந்தியாவுக்குள் வந்து, கிடைத்ததையெல்லாம் தின்று, குளம் குட்டையெல்லாம் பெருகிய மீன் அது. ஏலக்காய் வேண்டுமென்று என்றைக்குக் கேட்டது? ராத்திரியில் மேய்வது கெளுத்தி தம்பி, மீசையாலேயே இரையைக் கண்டுபிடிக்கும், அதற்குக் கோழிக்குடல் போதும் என்றேன். "நீங்க கம்முனு உக்காருங்க மாமா." கம்மென்று உட்காரத்தானே வந்தேன்!

கடைசியில் தக்கை லேசாக அமுங்கியது. அத்தனை பேரும் செல்போன் லைட்டை அதன்மேல் அடித்தார்கள். பிறகு அது அசையவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குமேல் பேய்க்கதை. மருதையாற்றுப் பாலம், 1956 ரயில் விபத்து, லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா. அதுவரைக்கும் சரித்திரம். அதன்பின் வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும். அத்தனை உயிர் போன இடம், கொஞ்சம் அடக்கமாகப் பேசினால் என்ன? நான் முறைத்ததை இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

விடிந்ததும் கடையில் ஒரு விரால் வாங்கி, அதன் வாயில் முள்ளைக் குத்தி, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டார்கள். குரூப்பில் சித்தப்பா, "எல்லாம் பெருங்காயம்தான்" என்று போட்டிருந்தார். வரிசையாகக் கட்டைவிரல்கள். விரால் தவளையும் குஞ்சுமீனும் பிடித்துத் தின்கிற சாதி, மைதாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்று நான் எழுதினேன்.

குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.