ஒன்று போதும்!

'ஆல்தோ' என்று தொடங்கினால் நடுவில் 'பட்' போடக் கூடாது என்று என் மகளின் நோட்டில் டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார். ஒரு 'பட்'டுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

"மழை பெய்தாலும் ஆனால் போனேன்" என்று நீங்கள் பேசுவீர்களா? டீச்சர் பக்கம்தான் நியாயம்! சீன மொழியில் இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம். அதனால் அங்குள்ள பிள்ளைகளும் ஆங்கிலத்தில் இதே இடத்தில் சறுக்குகிறார்கள். 'யெட்' ஒரு விதிவிலக்கு. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே 'தோ'வுக்குப் பின் அது வருகிறது.

ஒரே செய்தியை 'ஆல்தோ' வைத்து ஒரு முறை, 'பட்' வைத்து ஒரு முறை மகளை எழுதச் சொல்லுங்கள். சத்தமாக வாசிக்கவும் சொல்லுங்கள். அதேபோல், 'டிஸ்பைட்' வந்தால் பின்னால் 'ஆஃப்' வேண்டாம். அது 'இன் ஸ்பைட்'டுக்குத்தான் சொந்தம்.