நிலமும் பொழுதும், நடுவில் ஒரு ட்ரைபாட்

வானம் நிர்மலமாக இருந்தால் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்கு மட்டும் முகம் தொங்கிவிடும். "ஒரு துண்டு மேகம்கூட இல்லையே சார்" என்று துக்கம் விசாரிக்க வந்தவர்போலச் சொல்வார். மழை வரும் என்றால் நிமிர்ந்து உட்கார்வார். புயல் சின்னம் என்றால் பேட்டரிகளை சார்ஜில் போட்டுவிடுவார். திங்கள் முதல் வெள்ளி வரை வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ உத்தியோகம். சனி, ஞாயிறு லேண்ட்ஸ்கேப் போட்டோகிராபர். விசிட்டிங் கார்டில் இரண்டாவதுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

தன் கலை வளர்ந்துகொண்டே இருப்பதாக அவர் சொல்வார். எடை போட்டுப் பார்த்தால் அது உண்மைதான். முதலில் கைக்கு அடக்கமான ஒரு கேமரா. பிறகு ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ். பிறகு அலுமினிய ட்ரைபாட். அது கனமாக இருக்கிறதென்று கொள்ளைக் காசு கொடுத்து கார்பன் ஃபைபர் ட்ரைபாட். அது லேசாக இருப்பதால் காற்றில் ஆடுகிறதென்று, அதன் நடுத்தண்டில் தொங்கவிட ஒரு மணல் பை. ஒவ்வொரு கட்டத்திலும் "என் பார்வையே மாறிடுச்சு சார்" என்பார். மாறியது தோள்பட்டை என்பது என் அபிப்பிராயம். வலது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

இடையில் நட்சத்திரப் பித்து பிடித்தது. பால்வீதியைப் படமெடுக்க நிலா இல்லாத இரவு வேண்டும். தினசரிக் காலண்டரைப் புரட்டி அமாவாசை தேடும் மகனைப் பார்த்து அம்மா பூரித்துப்போனார். அதிலும் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறேன் என்றதும் கண்ணீரே வந்துவிட்டது. "உங்கப்பா போய் இத்தனை வருஷத்துக்கு இப்பவாவது புத்தி வந்துச்சேடா" என்று எள்ளும் தர்ப்பையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். தீர்த்தக்கரையில் ஊரே முன்னோர்களுக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலையில், நம்மவர் ராத்திரி முழுக்க விழித்த களைப்பில் லாட்ஜில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பொட்டலம் மட்டும் பைக்குள் பிரிந்துவிட்டது. இன்றைக்கும் அவர் லென்ஸ் துடைக்கிற துணியை உதறினால் எள் விழும்.

அவருடன் காரில் போகிறவர்களுக்கு ஆன்சல் ஆடம்ஸைத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. 1941ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், நாளெல்லாம் அலைந்தும் படம் சரியாக அமையாமல் ஆடம்ஸ் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுந்து நிற்க, சாயும் வெயிலில் கல்லறைச் சிலுவைகள் வெளுத்துத் தெரிந்தன. வண்டியை ஓரம்கட்டி, அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படாமல், நிலாவின் பிரகாசம் இவ்வளவு என்று மனக்கணக்காகவே போட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்ததற்கு ஃபிலிமைத் தயார் செய்வதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அந்த ஒற்றைப் படம் உலகப் புகழ் பெற்றது. இதை நம்மவர் மிக அழகாகச் சொல்வார். சொல்கிற இடம்தான் சரியில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் திடீரென்று பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, பின்னால் வந்த பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக அவருடைய பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருக்கும்போது சொல்வார். 1941ல் நியூ மெக்சிகோவில் பின்னால் பஸ் வரவில்லை.

"புது இடத்துக்குப் போனாத்தான் புதுசா ஏதாவது தோணும்" என்பது அவர் சித்தாந்தம். அதற்காகத்தான் கொழுக்குமலை. மலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஏறுவதற்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் பிடிக்க வேண்டும். விடியுமுன் கிளம்பி, பாறையும் பள்ளமுமான தடத்தில் குடல் இடம் மாறும்படி குலுங்கி, ஏறத்தாழ 7,900 அடி உயரத்துக்குப் போய் இறங்கினால், அங்கே ஏற்கனவே ட்ரைபாட்கள் வரிசைகட்டி நிற்கும். நம்மவர் இறங்கியதும் செய்கிற முதல் காரியம், செல்போனில் வேறு யாரோ எடுத்த படத்தை ஜீப் டிரைவரிடம் நீட்டுவது. "இது எந்த இடத்துல நின்னு எடுத்தது?" புதுசாகத் தோன்றுவதற்கு வந்தவர், அடுத்தவர் நின்ற தடத்தில் தன் காலையும் வைத்து நின்றால்தான் நிம்மதி அடைகிறார். "சார், உங்க ட்ரைபாட் கால் என் ஃபிரேமுக்குள்ள வருது" என்று பக்கத்தில் ஒருவர் சொல்வார். அவரும் அதே படத்துக்காக வந்தவர்தான்.

நம்மவர் போன அன்று பனி மூடியது. மூடினால் ஜீப் டிரைவர் தவறாமல் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "நேத்து வந்திருக்கணும் சார்." சொன்னதோடு நில்லாமல் முந்தின நாள் எடுத்த படத்தையும் காட்டினார். கீழே தேனிச் சமவெளி முழுக்க மேகம், அதன் விளிம்பில் சிவப்பாகச் சூரியன், நட்டநடுவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் அவருடைய சின்னப் பெண். நம்மவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "நல்லா இருக்கு. பாப்பாவை மட்டும் எடுத்துட்டா பிரமாதமா இருக்கும்" என்றார். டிரைவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இங்கே தொல்காப்பியரைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று அவர் வகுத்தது நம்மவருக்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது. எந்த இடம், எத்தனை மணி வெளிச்சம் என்ற இரண்டைத் தவிர இவருக்கு வேறு கவலை கிடையாது. நெய்தலுக்கு எற்பாடு என்பார்கள். கடற்கரைக்கு இவரும் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் போகிறார். நண்பகல் பாலைக்குரியது, அந்நேரம் கேமராவை வெளியே எடுப்பதே பாவம். கருப்பொருளில்தான் தகராறு. நிலத்தின் மக்கள், அவர்கள் உணவு, தொழில், பறை, விலங்கு எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்ததும் ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடுவார். புள் மட்டும் பிழைக்கும். படத்தில் புள் இல்லாவிட்டால், இன்னொரு படத்திலிருந்து நாலு கொக்கு வந்து சேரும்.

தனுஷ்கோடியில் இதை நேரிலேயே பார்க்கலாம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர் அது. கூரையில்லாத தேவாலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. நம்மவர் அதற்கு வைக்கும் தலைப்பு "யாருமற்ற பேய் நகரம்". அந்தப் பேய் நகரத்தில் சங்கு, சிப்பி விற்கிறார்கள், வலை காய்கிறது, கீற்றுக் கொட்டகையில் மீன் பொரிகிறது. மீன் பொரிக்கிற அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "சார், கடையையும் சேத்து எடுங்க, நாலு பேரு பாத்துட்டு வருவாங்க" என்றார். நம்மவர் தலையை ஆட்டிவிட்டு இரண்டடி இடப்பக்கம் நகர்ந்துகொண்டார்.

உரிப்பொருள் முழுவதும் அவர் மனைவியின் பாகத்துக்கு வந்துவிட்டது. வீட்டில் விட்டுப்போனால் பாலையின் பிரிதலும் முல்லையின் இருத்தலும். திரும்பி வந்தால் மருதத்தின் ஊடல். கூட்டிப்போனால் கடற்கரையில் நெய்தலின் இரங்கல். குறிஞ்சிக்குரிய புணர்தல் மட்டும் இவருக்கும் ட்ரைபாடுக்கும் இடையில் நடக்கிறது. இதைப் பற்றி உரையாசிரியர்கள் எதுவும் எழுதிவைக்கவில்லை.

தனுஷ்கோடியில் அன்று அவர் லென்ஸில் கறுப்பு ஃபில்டரை மாட்டினார். வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிற சாதனம் அது. முப்பதில் ஒரு வினாடியில் முடிகிற படம் அரை நிமிடத்துக்கும் மேல் இழுக்கும். அதற்குள் அலையெல்லாம் புகையாகிவிடும், நடந்துபோகிற ஆட்கள் பதியாமலே மறைந்துவிடுவார்கள். புகைப்படக் கலை பிறந்த காலத்திலேயே கண்ட வித்தைதான் இது. 1838 வாக்கில் பாரிஸில் தாகேர் ஒரு பரபரப்பான தெருவை எடுத்தார். சில நிமிட எக்ஸ்போஷரில் வண்டிகளும் கூட்டமும் காணாமல்போக, பூட்ஸுக்குப் பாலிஷ் போடக் காலைக் கொடுத்து நின்ற ஒரு ஆள் மட்டும் தெளிவாகப் பதிந்தார். படத்தில் இடம்பிடிக்க வேண்டுமானால் அசையாமல் இருக்க வேண்டும்.

மனைவி அசையவில்லை. பசி. பொரித்த மீன் வாசனை வேறு. "அரை நிமிஷம், அரை நிமிஷம்" என்று சாயங்காலம் முழுவதும் கேட்ட கோபத்தில் இடிந்த சுவர் ஒன்றின் மேல் மோவாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் கடல் புகை, மேகம் புகை, சுற்றுலாக் கூட்டம் ஆவியாகிப் போயிருந்தது. நடுவில் அந்த அம்மாள் மட்டும் புடவையின் ஜரிகை வரை துல்லியமாக. நம்மவர் இரண்டு ராத்திரி உட்கார்ந்து அழித்தார். அழித்த இடத்தில் சுவரே புடவை மடிப்போடு நெளிந்தது. வேறு வழியில்லாமல் போட்டோ கிளப் கண்காட்சிக்கு அப்படியே அனுப்பிவைத்தார். அவருடைய ஆளில்லாத சூரியோதயங்களைத் தாண்டி வேகமாக நடந்தவர்கள் இதன் முன்னால் நின்றார்கள். "இந்தம்மாவுக்கு என்ன கோபம்?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். நான் பார்த்த அளவில், அவர் எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தும் யாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதிலிருந்து அவருடைய கலை அடுத்த கட்டத்துக்கு வளர்ந்துவிட்டது. மனைவியிடமே கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாளும் சும்மா விடவில்லை. முதலில் சாப்பாடு, அப்புறம்தான் படம். இது முதல் நிபந்தனை. ஊரையும் அவரே முடிவு செய்வார், இது இரண்டாவது.

"அடுத்த மாசம் திருநெல்வேலியில எங்க பெரியப்பா பேத்தி கல்யாணம். தாமிரபரணிப் படித்துறை இருக்கு. நான் எவ்வளவு நேரம் வேணா அசையாம உட்கார்றேன். ஆனா முகூர்த்தத்துக்கு மண்டபத்துல என் பக்கத்துல நிக்கணும்."

"முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

"ஆறுலேருந்து ஏழரை."

"ஐயோ, அதுதானே கோல்டன் ஹவர்!"

"தெரிஞ்சுதாங்க சொல்றேன்."