ரிங் அமர் படலம்

போர் அடித்துப் புது பிஸ்டன் போட்டுக் கட்டிய என்ஜினை எப்படிப் பழக்குவது என்னும் வினா டீக்கடைகளிலும் பட்டறை வாசல்களிலும் நெடுங்காலமாக அடிபட்டு வந்தும், முறையான ஆய்வு எதுவும் எம் கண்ணில் படவில்லை. அக்குறையைக் களையவே இக்கட்டுரை. ஆய்வுப் பொருளாக யாம் எடுத்துக்கொண்டது யமஹா ஆர்எக்ஸ் 100. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை தயாரித்த இரு ஸ்ட்ரோக் வண்டி. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு கடந்தும் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஓடுகிற ஆர்எக்ஸில் ஒரு தடவையாவது என்ஜின் பிரிக்காதது அரிது. எனவே மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னை வாசிகள் பட்டறைகள் நிறைந்த புதுப்பேட்டைப் பக்கம் ஒரு மாலை நடந்தாலே போதும்.

முதலில் ஒரு துணைக் கண்டுபிடிப்பு. இவ்வண்டியின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மி.மீ. கணக்குப் போட்டால் 98 சிசிதான் வருகிறது. விட்டம் 0.25 மி.மீ. கூடும் முதல் ஓவர்சைஸில் 99-ஐத் தொட்டுக் கடக்கும். 0.50-க்குப் போனால் 100.15. அதாவது, இரண்டாவது முறை போர் அடித்த பிறகே ஆர்எக்ஸ் 100 தன் பெயருக்கு நேர்மையாகிறது. இரண்டு பிஸ்டன் தின்ற வண்டியை வைத்துக்கொண்டு புலம்புவோர் இதைக் கவனிக்க.

இனி மூலப் பிரச்சினை. லேத்தில் போர் அடித்து, ஹோனிங் செய்து வந்த சிலிண்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், சுவர் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் தெரியும். வழவழப்பாகத் தேய்த்துத் தரத் தெரியாமல் விட்டவையல்ல, வேண்டுமென்றே போட்டவை. கீறலின் பள்ளம் எண்ணெயைப் பிடித்துவைக்கும். மேடு, பிஸ்டனைச் சுற்றியுள்ள புது ரிங்கோடு உரசித் தானும் தேய்ந்து ரிங்கையும் தேய்க்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால் 'ரிங் உட்கார்ந்துடுச்சு' என்மனார் மெக்கானிக்குகள். உட்காரும் முன்பே கீறல்கள் மழுங்கிச் சுவர் கண்ணாடியாகிவிட்டால், அப்புறம் என்ன செய்தாலும் ரிங் உட்காராது. எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிந்து கிராங்க் கேஸில் காத்திருக்கும் புதுக் கலவையையும் கெடுக்கும்.

எப்படி உட்கார வைப்பது என்பதில்தான் உலகம் இரண்டாகப் பிரிகிறது. இவற்றை மென்கலை, வன்கலை எனப் பெயரிட்டு அழைப்போம்.

மென்கலையார் கொள்கை யாவரும் அறிந்தது: "ஐம்பதைத் தாண்டாதீங்க சார், முறுக்காதீங்க, டபுள்ஸ் போகாதீங்க." வன்கலையாரோ, வண்டி சூடேறியதும் நன்றாக முறுக்கு, விடு, மறுபடி முறுக்கு என்பர். இறைவன் அருளைப் பெறுவது பற்றி வைணவத்தில் குரங்குக் குட்டிக்கும் பூனைக் குட்டிக்கும் உள்ள பழைய வழக்கு இங்கே அப்படியே திரும்பி வருகிறது. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். மென்கலையாரின் ரிங்கும் பொறுமையாகத் தன் முயற்சியால் சுவரைப் பற்றவேண்டும். பூனைக் குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக்கொண்டு போகும். வன்கலையாரின் ரிங்கை எரியும் வாயுவின் அழுத்தம் வந்து சுவரோடு அழுத்தும். அருள் மேலிருந்து இறங்குகிறது. மேல் என்றால் இங்கே பிஸ்டனின் தலை.

பௌதிகத்தைச் சாட்சிக்கு அழைத்தால், அது இரு கட்சிக்கும் சாட்சி சொல்கிறது. ரிங்குக்கு இயல்பாக உள்ள ஸ்பிரிங் விசை கொஞ்சம்தான். எரியும் வாயு, ரிங் அமர்ந்திருக்கும் பிஸ்டன் பள்ளத்துக்குள் புகுந்து ரிங்கின் முதுகில் அழுத்துவதே பெரும்பங்கு. முறுக்காவிட்டால் அந்த அழுத்தம் இல்லை. இது வன்கலைக்குச் சாதகம். ஆனால் பிஸ்டன் அலுமினியக் கலவை. அது உரசும் சுவர் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். புதுப் பொருத்தத்தில் இரண்டுக்கும் இடையே விட்டிருக்கும் வெளியோ ஒரு தலைமுடி நுழையத் திணறும் அளவு. பிஸ்டன் முந்திக்கொண்டு விரிந்தால் என்ஜின் ஜாம். இது மென்கலைக்குச் சாதகம். நடுரோட்டில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கறுப்புக் கோடு போட்ட பிறகு எவரும் வன்கலை பேசக் கேட்டதில்லை.

இரு கலையாரும் ஒத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அவை டீக்கடையில் பேசப்படுவதே இல்லை. சண்டைக்கு உதவாது என்பதால் இருக்கலாம். கிளம்புமுன் சூடேற்று. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாதே. டாப் கியரில் திணறவிடாதே. நின்ற இடத்தில் ஐடிலில் விட்டுவிட்டு அரட்டை அடிக்காதே. மலை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடியபடி கியரிலேயே இறங்காதே. இரு ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது, மூடினால் இரண்டும் வெகுவாகக் குறைந்துபோகும்.

எண்ணெய் என்றதும் ஒன்று. பாதுகாப்புக்காக டேங்கில் கூடுதலாக டூ-டி ஆயில் ஊற்றுவது வழக்கம். ஊற்றிய அளவுக்குக் கார்புரேட்டர் ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிகிறது, மெலிந்த கலவை சூட்டைக் கூட்டுகிறது. கையில் இருப்பதையெல்லாம் ஊற்றும் அன்பர்கள் எந்தக் கலையையும் சேராதவர்கள்.

அடுத்து, திறன் அளக்கும் மேடையான டைனோ. என்ஜினுக்குத் தடை கொடுத்துத் திறனை அளக்கும் கலை புதிதன்று. பிரான்சில் புரோனி 1821-இல் பிரேக் கட்டை வைத்து அளந்தார். வில்லியம் ஃப்ரூட் 1877-இல் கப்பல் என்ஜின்களுக்காக நீரைத் தடையாக்கினார். இன்று வண்டியின் பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றிக் கட்டி, முன்னால் பெரிய மின்விசிறியை வைத்து முறுக்குகிறார்கள். ஓடாத வண்டிக்குக் காற்று கிடையாது என்பதால் விசிறி இங்கே அலங்காரமல்ல. ரிங் உட்காருமுன் இந்த மேடையில் ஏற்றி மெயின் ஜெட் தேர்ந்தெடுத்தால், அந்தத் தேர்வு ஒரு தற்காலிக என்ஜினுக்குச் செய்தது. உராய்வு குறைந்து கம்ப்ரஷன் ஏறிய பின் அது வேறு என்ஜின். தீவிர வன்கலையார் பழக்குவதையே டைனோவில் வைத்துக்கொள்ளலாம் என்பர். தடையை விருப்பம்போல் ஏற்றி இறக்கும் வகை டைனோ என்றால் சரி. வெறும் கனத்த உருளையைச் சுழற்றும் வகையில் சுமையை நிறுத்திப் பிடிக்க வழியில்லை.

டைனோவில் அச்சாகி வரும் தாள், இந்த ஆய்வில் யாம் கண்ட மிகச் சோகமான ஆவணம். கம்பெனி சொன்ன 11 குதிரைத்திறன் கிராங்கில் அளந்தது. செயினும் கியரும் தம் பங்கை எடுத்துக்கொண்டபின் பின்சக்கரத்தில் மிஞ்சியதே தாளில் வரும். இதை முன்பே சொல்லாமல் உரிமையாளர் கையில் தாளைக் கொடுக்கக்கூடாது.

எந்தக் கலை வென்றது? நன்றாகப் பழகிய என்ஜின்களின் வரலாற்றைத் துருவியதில் மூன்றாவது ஒரு மரபு தட்டுப்பட்டது. உரிமையாளர் மென்கலையைக் கடைப்பிடித்து, சைக்கிள்காரர்கள்கூட முந்திச் செல்ல, "என்ன அங்கிள், வண்டி இழுக்கலையா?" என்ற கேள்வியையும் தாங்கிக்கொண்டு, ஐம்பதில் ஊர்ந்து வீடு சேர்கிறார். அப்போது ஒரு நண்பர் வருகிறார்: "மச்சி, ஒரே ஒரு ரவுண்டு." வண்டி ஏற்கெனவே சூடாக இருக்கிறது. நண்பர் முறுக்குகிறார், விடுகிறார், முறுக்குகிறார். வன்கலை நூல்கள் விதித்தபடி, ஒரு வரி பிசகாமல்.

பழக்கும் காலத்தில் வண்டியை எவருக்கும் தரவில்லை என்று சாதித்த உரிமையாளர்களும் உண்டு. அவர்களிடம் சாவி எங்கே இருக்கும் என்று மட்டும் கேட்டோம். வாசல் கதவுக்குப் பின்னால், ஆணியில் என்றார்கள். கல்லூரிக்குப் போகும் மகன் உள்ள வீடுகளில் மேற்கொண்டு கேள்வி கேட்க வேண்டிய தேவை எமக்கு எழவில்லை.