டேப்பு ஒட்டுன மாப்பிள்ளைக்கு

வாங்க மாப்ளே. பொண்ணக் குடுத்த எடம், நான் வாயத் தொறக்கக் கூடாதுதான். ஆனா செக் எஞ்சின் லைட்டு எரியுதுன்னு அதுமேல கறுப்பு டேப்பு ஒட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே, அந்தக் கெட்டிக்காரத்தனத்தப் பாராட்டாம இருக்க முடியல.

போன தடவ பேட்டரி வயரக் கழட்டி மாட்டுனீங்களாமே, லைட்டு அணஞ்சிச்சாமே? அணையாம என்ன செய்யும், வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர் எழுதி வச்சத எல்லாம் அழிச்சிட்டீங்கல்ல! அது ரொம்பப் பொறுமைசாலி. பல கோளாறுகள ஒருவாட்டி பாத்ததும் கத்தாது. குறிச்சு வச்சுக்கும், அடுத்த ஓட்டத்துலயும் தெரிஞ்சாத்தான் வெளக்கப் போடும். அப்ப வண்டி என்ன வேகம், எஞ்சின் என்ன சூடுன்னுகூடப் பதிஞ்சிருக்கும். அத அழிச்சிட்டுப் போய் நின்னா மெக்கானிக் என்ன ஜோசியமா பாப்பான்?

அப்புறம் ஸ்டீரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட்டுல ஸ்கேனரச் சொருகி, பி0171-னு கோளாறுக் கோடு வந்ததும் ஆக்ஸிஜன் சென்சார மாத்திட்டீங்களாம். செலவு பண்ணவும் ஒரு மனசு வேணும்! பெட்ரோல் பத்தல, காத்து கூடிப்போச்சுன்னுதான் அந்தக் கோடு சொல்லுது. சென்சார் கெட்டுப்போச்சுன்னா சொல்லுச்சு? பொகையில மிச்சமிருக்கிற ஆக்ஸிஜனச் சென்சார் மோந்து சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலக் கூட்டிக்கூட்டிப் பாக்கும், மட்டுக்கு மேல கூட்ட வேண்டி வந்தா கோடு. ஒரு ரப்பர் ஹோசுல வெடிப்பு இருந்தாலும் இப்படித்தான் வரும். ஒர்க்ஷாப்புக்கு டீ குடிக்கப் போற கெழவனுக்கே தெரியுது. திருடனப் பாத்துக் குரைச்ச நாய வித்துட்டு வேற நாய் வாங்கிக் கட்டிருக்கீங்க; அதுவும் குரைக்குது.

இந்த வெளக்கு நம்ம சௌகரியத்துக்காகப் பொறந்ததில்ல. ஊர்க் காத்து கெட்டுப்போச்சேன்னு கலிஃபோர்னியாக்காரங்க 1988 மாடல்லேருந்து வைக்கச் சொன்னது. இப்ப இருக்கிற முறை அமெரிக்கா முழுக்க 1996-ல, நம்ம நாட்டுல 2013-ல. பொகையக் கெடுக்கிறதத்தான் முக்கியமாப் பாக்கும். கிளட்ச் பிளேட் தேஞ்சு நடுரோட்டுல நின்னாலும் வாயத் தொறக்காது.

நின்னு எரிஞ்சா நாளைக்குப் பாத்துக்கலாம். சிமிட்டுச்சுன்னா ஓரங்கட்டுங்க, மிஸ்ஸிங் அடிக்குதுன்னு அர்த்தம். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு ஒரு உந்து கெடைக்கும். ஒண்ணு தவறுனா சுத்து கொஞ்சம் தளரும். பல்சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கிற சென்சார் அதப் பிடிச்சு, மூணாவது சிலிண்டர்னா பி0303-னு விலாசத்தோட சொல்லும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சா உள்ள இருக்கிற பீங்கான் உருகிடும். அதுமேல பூசியிருக்கிறது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்.

என் பொண்ணுக்கு ஒரு குந்துமணித் தங்கம் வாங்கித் தராத ஆளு, பொகைக்குழாய்ல பிளாட்டினத்தப் போட்டுப் பொசுக்குறீங்க.